வெறும் தட்டில் நானூறு கிராம்

மண்ணெண்ணெய்தான் எப்போதும் முதலில்.
இருபது லிட்டர், தகரத்தோடு பதினேழரைக் கிலோ.
அப்புறம் முட்டை. மேலே சேர்வதற்குள்
கூழாங்கல் ஆகிவிடும்; பாறையில் எறிந்தாலும்
பாறைக்குத்தான் வலிக்கும்.
அப்புறம் பருப்பு, பாட்டரி, கடிதக் கட்டு.
கடிதத்தையும் நிறுத்துத்தான் ஏற்றுகிறோம்.

நான் சோஸ்பெல். நுப்ராவில்
ஹெலிகாப்டர் இறங்கும் திடலோரம் ஒரு தகரக் கொட்டகை,
அதில் ஒரு தராசு, அதற்கு நான்.
முன்பு சுமந்தேன், இப்போது நிறுக்கிறேன்.
நடுவில் இடது காலில் மூன்று விரல் போயிற்று.
படிவத்தில் ‘எத்தனை’ என்று ஒரு கட்டம் இருந்தது.
‘எவை’ என்று யாரும் கேட்கவில்லை.
வந்த பணத்தில் குன்சேஸ் ஒரு ஜோமோ வாங்கினாள்.
கறக்கும்போது உதைத்தால்
‘ஏய் மூணு விரலே, ஒழுங்காய் நில்’ என்பாள்.
பால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு லிட்டரை மேலே தூக்க
இந்த எந்திரம் எத்தனை லிட்டர் குடிக்கிறது தெரியுமா
என்றார் ஒரு விமானி, கையுறையைக் கழற்றியபடி.
வேண்டாம் ஐயா, சொல்லாதீர்கள்,
என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஹிரேன் பெகு மாஜுலிக்காரன்.
ஆற்றுக்கு நடுவே தீவு, மூங்கில் கால்மேல் வீடு,
வெள்ளம் வந்தால் படியில் தோணி கட்டுவார்களாம்.
தராசில் ஏறிச் சிரித்தான். அறுபத்தெட்டு.
‘எழுபது என்று எழுதுங்களேன்,
போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறேன்,
இளைத்துவிட்டேன் என்று புலம்புகிறாள்.’
நோட்டில் எழுத முடியாது தம்பி.
ஒரு துண்டுத்தாளில் எழுபது என்று எழுதி
முத்திரை குத்திக் கொடுத்தேன்.

நாற்பத்தொரு நாள்.
குண்டு படவில்லை, யாரும் சுடவில்லை அந்த வாரம்.
நுரையீரலில் நீர் ஏறிற்று.
ஆற்று நடுவில் பிறந்து மூழ்காதவன்
ஒரு சொட்டு ஓடும் நீர் இல்லாத இடத்தில்
மூழ்கிப்போனான்.

குந்தியபடியே உறைந்திருந்தான்.
பலகையில் படுக்கவில்லை, தராசில் உட்கார்ந்தான்.
அடுத்த விமானத்துக்கு எடை வேண்டும் என்றார்கள்.
எழுபத்து நான்கு.
பனியைக் கழித்துப் பார்க்க எனக்கு வழியில்லை.
‘இறங்குபவை’ பக்கத்தில்
காலி உருளை, பழுதான ரேடியோ, தபால்.
தபாலுக்குக் கீழே எழுதினேன்.

முகட்டுக்கு அந்தப்புறம், கப்பலு பக்கத்தில்,
இன்னொரு கொட்டகையில் இன்னொருவன் இருப்பான்.
சிக், ஞீஸ், சும் என்று
ஏறக்குறைய என் மொழியிலேயே தகரங்களை எண்ணுவான்.
அவனிடமும் ஒரு ஜோமோ இருக்கலாம்.
அவனுக்கு எத்தனை விரல் என்று தெரியவில்லை.

செப்டம்பரில் தணிக்கைக்காரர் வந்தார், சண்டிகரிலிருந்து.
ஒரு கையில் ஆக்சிஜன் டப்பா, மறு கையில் பேனா.
தட்டு வெறுமையாக இருந்தபோது முள்ளைப் பார்த்தார்.
‘இது என்ன, நானூறு கிராம்?’
தெரியாது ஐயா. நான் வந்தபோதே அங்கேதான் நின்றது.
பெருக்கினார். பதினோரு வருடம்,
பதினாலாயிரம் முறை.
‘நோட்டில் இருப்பதைவிட ஐந்தரை டன்னுக்கு மேல்
குறைவாகப் போயிருக்கிறது.
இது யார் கணக்கில்?’

அவர் பணத்தைக் கேட்டார்.
எனக்கு அடுப்புகள் தெரிந்தன,
விடிவதற்கு ஒரு நாழிகை முன்பே
நீலம் சுருங்கி அணைகிற அடுப்புகள்,
தகரத்தைக் கவிழ்த்து உலுக்குகிற கைகள்.
வாயைத் திறந்தேன். குளிர்தான் உள்ளே போயிற்று.

மெக்கானிக் வந்து வில்லைத் திருகினான்.
ஐந்து நிமிட வேலை. இருபது ரூபாய் உதிரி.
முள் சுழியில் போய் நின்றது,
அங்கே அதை நான் பார்த்ததே இல்லை.

இரவு பழைய நோட்டைப் பிரித்தேன்.
பெகு, ஹிரேன். அறுபத்தெட்டு.
அறுபத்தேழு கிலோ அறுநூறாக இருந்திருக்கிறான்.
அவன் அம்மா புலம்பியது சரிதான்.
பேனாவில் மை உறைந்திருந்தது, அக்குளில் வைத்துச் சூடாக்கினேன்,
பிறகு திருத்தாமல் மூடிவிட்டேன்.

காலையில் முதலில் மண்ணெண்ணெய்.
இருபது லிட்டர், தகரத்தோடு
பதினேழு கிலோ நூறு.